பேதுரு நாளில் டிராக்டர் சத்தம்

எங்கள் ஊரில் பண்டிகை நாளன்று ஓட அனுமதி உள்ள வண்டி ஒன்றே ஒன்றுதான். அது என் பால் வண்டி. மடி கனத்த மாட்டைக் கறந்தே ஆக வேண்டும், கறந்த பால் திரிவதற்குள் பால் பண்ணைக்குப் போயாக வேண்டும் என்பதில் மட்டும் ரஷ்ய வேதத்தாருக்கும் போலந்து வேதத்தாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. ரஷ்ய வேதம் என்றால் ஆர்த்தடாக்ஸ், போலந்து வேதம் என்றால் கத்தோலிக்கம். போலந்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் எங்கள் ஸாரேச்சேயில் அப்படித்தான் சொல்வோம். இரண்டு பேருமே பரம்பரையாக நரேவ் ஆற்றங்கரையில் உருளைக்கிழங்கு நட்டவர்கள், ரஷ்யாவைக் கண்ணால் பார்த்தவர் அவர்களில் ஒருவரும் இல்லை என்பது வேறு விஷயம்.

நான் இரண்டிலும் சேராதவன். வடக்கே ஏரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த லூத்தரன். ஆர்த்தடாக்ஸ்காரரான பஸிலியின் வீட்டுப் பின்கட்டில் பத்து வருடத்துக்கு மேலாக வாடகைக்கு இருக்கிறேன். இரண்டு பக்கத்துச் சண்டையிலும் என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள், சமாதானத்துக்கு மட்டும் கூப்பிட மாட்டார்கள்.

ஊர்ச் சட்டம் ஒன்று உண்டு. கத்தோலிக்கர்களுக்குப் பேதுரு பவுல் திருநாள் ஜூன் கடைசியில் வரும். ஆர்த்தடாக்ஸ்காரர்கள் பழைய பஞ்சாங்கம். அவர்களுக்கு அதே பேதுருவும் அதே பவுலும் மெதுவாக நடந்து ஜூலை நடுவில்தான் வந்து சேர்வார்கள். ஒருவர் திருநாளில் மற்றவரும் வயலில் இயந்திரத்தை இறக்கக் கூடாது. முந்தின மாலை கோயில் மணி அடித்ததிலிருந்து திருநாள் முடிந்து மறுநாள் விடியும்வரை டிராக்டர் வாயே திறக்கக் கூடாது. இரண்டு கிறிஸ்துமஸ், இரண்டு பேதுரு, பல வருடங்களில் இரண்டு ஈஸ்டர் என்று பாதி வருடம் சும்மா இருக்கிறீர்களே என்று நான் கிண்டல் செய்வதுண்டு. அவர்கள் சிரிப்பார்கள். சட்டத்தை மட்டும் விட மாட்டார்கள்.

பஸிலிக்கு எழுபது வயது. மனைவி போய்ச் சேர்ந்து வெகு காலமாகிறது. ஒரே மகன் மிரோன் பிரஸ்ஸல்ஸில் கட்டட வேலை செய்கிறான். மருமகள் போஷெனா கத்தோலிக்கப் பெண். எங்கள் பக்கம் கலப்புக் கல்யாணத்தில் ஆண் பிள்ளை தகப்பன் வேதம், பெண் பிள்ளை தாய் வேதம். பிறந்தது அகாதா என்று ஒரே ஒரு பெண். ஆக, அந்த வீட்டில் ரஷ்ய வேதம் பஸிலியோடு முடிகிறது. அதை அவர் ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் நோன்பு நாட்களில் தனக்கென்று ஒரு சட்டியை வைத்து, பன்றிக்கொழுப்பு இல்லாமல் எண்ணெயில் உருளைக்கிழங்கு வதக்கிக்கொண்டு தனியாக நிற்பார். அப்போது அந்த முதுகைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

அந்தக் கோடையில் வீட்டில் ஒரே பேச்சுதான் ஓடியது. மாடுகளை விற்றுவிட்டு, பள்ளிக்கூடம் திறப்பதற்குள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பிரஸ்ஸல்ஸுக்கு வந்துவிடு என்று மிரோன் நெருக்கினான். போஷெனாவுக்கு ஊரை விட்டுப் போகப் பிடிக்கவில்லை. பேசிப் பேசி அவனிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தாள். குளிர்காலத்துக்கு வேண்டிய புல் களஞ்சியத்தில் ஏறிவிட்டால் அவள் போக மாட்டாள், வசந்தத்தில் அவன்தான் திரும்பி வர வேண்டும். ஏறாவிட்டால் மாடுகளை விற்றுவிட்டு அவள் புறப்படுவாள். முதல் அறுப்பு முழுவதும் வெள்ளத்தில் அழுகிவிட்டது. ஆற்றங்கரைப் புல்வெளியில் அறுத்துப் போட்டிருந்த இரண்டாவது ஒன்றுதான் மிச்சம்.

அதுவும் வாரம் முழுக்க மழையில் நனைந்து, பேதுரு நாளுக்கு முந்தின நாள் பிற்பகலில்தான் காய்ந்தது. போஷெனா ஒரு பிடி புல்லை எடுத்து முறுக்கிப் பார்த்தாள், மூக்கில் வைத்து மோந்தாள், நேராக வந்து டிராக்டரில் ஏறினாள். அந்த நேரம் பார்த்து ஆர்த்தடாக்ஸ் கோயிலில் மாலை ஆராதனை மணி அடித்தது. பஸிலி வந்து சாவியை உருவிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“மாமா, இன்னும் எவ்வளவோ வெளிச்சம் இருக்கு.”

“மணி அடிச்சாச்சும்மா.”

“ரேடியோவுல நாளைக்குப் புயல்னு சொல்றான்.”

“ரேடியோக்காரன் போன வாரமும் சொன்னான். வந்துச்சா?”

“வந்துச்சே! அதுலதானே இது நனைஞ்சு கெடந்துச்சு?”

போஷெனா இறங்கி வந்து அவர் எதிரில் நின்றாள்.

“எனக்கு நாளைக்கு ஒரு விசேஷமும் இல்ல மாமா. என் பேதுரு போன மாசமே வந்துட்டுப் போயிட்டார். சாவியக் குடுங்க, நான் ஒருத்தியா புல்லை வாரிட்டு வந்துடறேன். பாவம்னாலும் என் கணக்குல ஏறாது.”

“என் கணக்குல ஏறுமே. டிராக்டர் என்னுது, புல்லு என்னுது. அன்னைக்கு அவங்க பவனியில எரு வண்டிய விட்டான், இன்னைக்குச் சொந்தத் திருநாளையே மதிக்கலைம்பாங்க. நம்ம பக்கத்து வீட்டு லூபா முதல்ல சொல்லுவா. உன் சித்தப்பன் ஸெனோன் அடுத்துச் சொல்லுவான்.”

“அந்த எருக் கதைய விடவே மாட்டீங்களா?”

“நான் விட்டுடுவேன். அவங்க விடணுமே.”

எருக் கதை மூன்று வருடப் பழசு. கத்தோலிக்கர்களுக்கு நற்கருணைப் பவனித் திருநாள் என்று ஒன்று, ஈஸ்டரிலிருந்து அறுபது நாள் தள்ளி வரும். அந்தத் திருநாள் ஆர்த்தடாக்ஸில் கிடையாது. அந்த வருடம் போஷெனா மிரோனைப் பார்க்க பிரஸ்ஸல்ஸ் போயிருந்தாள். வீட்டில் சொல்ல ஆளில்லை. பஸிலி ஊர்ச் சட்டத்தை மதிக்கிற மனிதர், தானே உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஆனால் கணக்கைத் தன் ஈஸ்டரிலிருந்து ஆரம்பித்துவிட்டார். அந்த வருடம் இரண்டு ஈஸ்டருக்கும் நடுவில் ஒரு வாரம். பவனி அடுத்த வியாழக்கிழமைதான் என்று நிம்மதியாக எரு வண்டியை நிரப்பிக்கொண்டு கிளம்பியவர், சிலுவை முனைத் திருப்பத்தில், வெள்ளை உடுப்புப் போட்டுப் பூ தூவிக்கொண்டு வந்த சின்னப் பெண்கள் எதிரில் போய் நின்றார். வண்டி திரும்ப இடமில்லை. வெயிலோ வெயில். எருவின் மணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. பவனியில் விதானக் கம்பைப் பிடித்திருந்தவர் ஸெனோன். போஷெனாவின் அப்பாவுக்குத் தம்பி முறை, ஊர்த் தலைவர், பஸிலியோடு ஒன்றாகப் பட்டாளத்தில் இருந்தவர். அன்றோடு அவர் பஸிலியோடு பேச்சை நிறுத்தினார். தப்புக் கணக்கு என்று பஸிலி சொன்னதை ஒரு கத்தோலிக்கனும் நம்பவில்லை. திருநாளைத் தப்பாகக் கணக்குப் போட ஒரு கிறிஸ்தவனால் முடியுமா என்று கேட்டார்கள். என்னைக் கேட்டால் முடியும். இந்த ஊர்க் கிறிஸ்தவனால் மட்டும்தான் முடியும்.

பேதுரு நாள் விடியும்போதே புழுக்கமாக இருந்தது. குதிரை ஈக்கள் மாடுகளைப் பிய்த்தெடுத்தன. நான் பால் எடுத்துவிட்டு ஒன்பது மணிக்குத் திரும்பியபோது பஸிலி கறுப்புக் கோட்டு போட்டு, தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிட்டிருந்தார். எங்கள் ஊர் ஆர்த்தடாக்ஸ் கோயிலே பேதுரு பவுல் பெயரில் உள்ளது. அன்று பிஷப் வேறு வருகிறார். பவனியில் முதல் கொடி பஸிலியுடையது. இருபது வருடமாக வேறு யாரும் அதைத் தொட்டதில்லை.

போஷெனா அடுப்படியில் இருந்தாள். பேதுரு நோன்பு அன்றோடு முடிகிறது, மாமனார் வாரக்கணக்கில் இறைச்சி தொடாதவர் என்று, தனக்கு இல்லாத பண்டிகைக்கு விருந்து சமைத்துக்கொண்டிருந்தாள். துருவிய உருளைக்கிழங்கில் வெங்காயமும் பன்றிக்கொழுப்பும் கலந்த பாப்கா அடுப்புக்குள் வெந்துகொண்டிருந்தது. மோர் ஊற்றிய பீட்ரூட் சூப்பைக் கிணற்றுத் தண்ணீரில் இறக்கி வைத்திருந்தாள். ஒரு வெங்காயம் நறுக்குவாள், வாசலுக்கு ஓடித் தென்மேற்கைப் பார்ப்பாள். திரும்பி வந்து இன்னொன்று நறுக்குவாள், மறுபடி ஓடுவாள்.

“எர்னெஸ்ட் அண்ணே, அது மேகமா புகையா?”

“மேகம்தான்.”

“சாயங்காலம்தானே சொன்னான்?”

“நமக்கு ஒரு நாள் முந்தியே சொன்னதே பெரிசு. மணிக்கணக்கு வேற சரியாச் சொல்லணுமா?”

“உங்களுக்கு எல்லாம் விளையாட்டு. உங்க சாமிக்குத் திருநாளும் இல்ல, மாடும் இல்ல.”

கோபத்தில் சொன்னாள், அவள் கண் கலங்கியிருந்தது. அவள் போய்விட்டால் அந்த வீட்டில் பஸிலியும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரிக்க வேண்டியதுதான்.

அப்போது வேலிக்கு வெளியே ஆள் நிழல் தெரிந்தது. ஸெனோன். மூன்று வருடமாக அந்த முற்றத்தில் கால் வைக்காதவர். அன்றும் வைக்கவில்லை, படலைக்கு வெளியே நின்று தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

“போஷெனா, வானத்தப் பாத்தியா?”

“காலையிலேர்ந்து அதத்தான் பாக்கறேன் சித்தப்பா.”

“மேல்கரைல இடி இறங்கிடுச்சாம், இப்பத்தான் போன் வந்துச்சு. ரெண்டு மணி நேரம் தாங்கினா அதிகம். என் டிராக்டர், என் மருமகன் டிராக்டர், அந்தோனி வீட்டுப் புல்லுக்கட்டு மிஷின், எல்லாம் நிக்குது. ஆளும் இருக்கு.”

“அப்ப வாங்களேன்! ஏன் வாசல்ல நின்னு ஏலம் விடறீங்க?”

“அது எப்படி வர்றது? பிஷப்பு வந்து உக்காந்திருக்காரு. இந்த நேரத்துல நான் டிராக்டரக் கிளப்பினா, ஸெனோன் பழி வாங்கிட்டான், எருவுக்கு டீசல் பதில்னு ஊரே பேசும். நான் அந்த மாதிரி ஆளு இல்ல. பஸிலி தன் வாயால கூப்பிடணும்.”

“அவர் கோயில்ல இருக்கார்.”

“எனக்குக் கண்ணு தெரியுது.”

“உங்க ரெண்டு பேரு ரோஷத்துக்கும் நடுவுல என் மாடுங்க சாகணுமா?”

போஷெனா அடுப்பை அணைத்தாள். ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. என்னைப் பார்த்தாள்.

“அண்ணே, இன்னைக்கு ஓடலாம்னு உங்க வண்டி ஒண்ணுதான் இருக்கு. எடுங்க. சித்தப்பா, நீங்களும் ஏறுங்க.”

“நான் ரஷ்யக் கோயிலுக்கா?”

“உள்ள யாரும் கூப்பிடல. வாசல்வரைக்கும்தான். ஏறுங்க!”

பால் வண்டியின் முன்னிருக்கையில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்தோம். ஸெனோனின் முழங்கால் கியரைத் தடுத்தது. வழியில் ஒரு தடவை மட்டும், “டீசல் நாத்தத்துக்கு மேல பால் நாத்தம்” என்றார்.

கோயில் முற்றம் நிறைந்திருந்தது. ஆராதனை முடிந்து பவனி கிளம்பும் நேரம். பஸிலி கொடிக் கம்பைத் தோள்பட்டையில் சாத்தி வாசற்படியருகே நின்றிருந்தார். பூப்போட்ட தலைத்துணிகளுக்கு நடுவே, மாவு ஒட்டிய ஏப்ரனோடு போஷெனா நுழைந்ததும் எல்லாத் தலைகளும் திரும்பின. அவளுக்குப் பின்னால் ஸெனோனைக் கண்டதும் முணுமுணுப்பு நின்றே போயிற்று. பஸிலி கொடியைப் பக்கத்து ஆளிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு வந்தார். முதலில் தென்மேற்கைப் பார்த்தார். பிறகு மருமகள் முகத்தைப் பார்த்தார். கடைசியாகத்தான் ஸெனோனைப் பார்த்தார்.

“மூணு வருஷம் கழிச்சு வந்திருக்க.”

“புல்லுக்காக வந்தேன். உனக்காக இல்ல.”

“அது தெரியுது.”

“ஆளு, வண்டி எல்லாம் தயார். ஆனா இங்க எல்லாருக்கும் சத்தம் கேக்கும். உங்க பிஷப்பு காதுலயும் விழும். நாளைக்கு யாரும் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது. நீ கூப்பிட்டேன்னு இத்தனை பேர் முன்னாடி சொல்லு.”

பஸிலி பெருமைக்காரர், அது எனக்குத் தெரியும். வாழ்நாளில் ஒரு திருநாளை மீறாதவர் என்ற பெயர் ஒன்றுதான் அவர் சேர்த்து வைத்தது. தூரத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இடி உருண்டது. போஷெனா இரண்டு கைகளாலும் ஏப்ரனைப் பிசைந்துகொண்டு நின்றாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம், அவள் கேட்காமல் நின்றதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பஸிலி தொண்டையைச் செருமினார்.

“ஸெனோன், என் புல்லை எடு. நான் கூப்பிட்டேன். பஸிலி கூப்பிட்டான்.”

வாசலில் நின்ற கிழவர்கள்வரை கேட்கும்படி சொன்னார். பையிலிருந்து சாவியை எடுத்து போஷெனாவின் உள்ளங்கையில் வைத்தார். “எங்க வண்டியையும் எடுத்துக்க. பக்கத்து வாய்க்கால்ல சக்கரம் இறங்கும், பாத்து ஓட்டு.” அவ்வளவுதான். திரும்பிப் போய்க் கொடியை வாங்கிக்கொண்டார்.

டிராக்டர் எடுக்க அவர்களை அவரவர் வீட்டில் இறக்கிவிட்டு, பாக்கி இருந்த இரண்டு வீட்டுப் பாலை எடுக்க நான் மறுபடி கோயில் பக்கம் வந்தேன். பவனி கோயிலைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பக்கமும் நின்று சுவிசேஷம் வாசிப்பது அவர்கள் வழக்கம். இரண்டாவது பக்கம் வாசிப்பு ஆரம்பித்தபோது ஆற்றங்கரையில் முதல் டிராக்டர் உறுமியது. அடுத்து இன்னொன்று. பிறகு கட்டு மிஷினின் டக்டக்டக். வாசித்தவர் ஊருக்குப் புதிதாக வந்த பாத்யுஷ்கா. ஆர்த்தடாக்ஸ் பாதிரியாரை அப்படித்தான் கூப்பிடுவோம். முப்பது வயது தாண்டாதவர், தாடிகூட இன்னும் நிறையவில்லை. பிஷப் முன்னால் முதல் தடவை திருவிழா நடத்துகிறார். குரலை உயர்த்தினார். மிஷினும் விடவில்லை. அவர் காது மடல்கள் சிவந்துவிட்டன. கிழ பிஷப் சத்தம் வந்த திக்கைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கூட்டம் முழுவதும் பஸிலியையே பார்த்தது. அவர் கொடிக் கம்பை ஆடாமல் பிடித்துக்கொண்டு, கண்ணை நேரே வைத்து, நான்கு பக்கமும் சுற்றி முடித்தார். முடித்த கையோடு கொடியை அதன் இடத்தில் நிறுத்திவிட்டு, கறுப்புக் கோட்டோடு புல்வெளியை நோக்கி நடந்தார். ஓடவில்லை, கொடி பிடித்தவர் ஓடக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. கோயில் வேலியைத் தாண்டியதும் ஓடினார்.

நான் போய்ச் சேர்ந்தபோது முதல் வண்டி களஞ்சியத்துக்குப் போய்விட்டிருந்தது. போஷெனா எங்கள் டிராக்டரில் புல் வரிகளைச் சேர்த்துக் கொடுத்துக்கொண்டே முன்னால் போக, மிஷின் கட்டிப் போட்டது. கத்தோலிக்கப் பையன்கள் கவைக்கம்பால் கட்டுகளைத் தூக்கி எறிந்தார்கள். ஸெனோன் வண்டி மேல் நின்று அடுக்கினார். என்னையும் மேலே ஏற்றிவிட்டார்கள். காற்று செத்துவிட்டது. வானம் தேய்ந்த ஈயப் பாத்திரம் போலக் கிடந்தது. புல் தூசி கழுத்தில் ஒட்டிக்கொண்டு அரித்தது. அவரவர் மூச்சு அவரவருக்குக் கேட்டது.

கோயில் விட்டு வந்த பெண்கள் வரப்பில் வரிசையாக நின்றார்கள். முன்னால் லூபா. கொடிக்காரரின் பக்கத்து வீட்டுக்காரி, ரஷ்ய வேதத்தின் நாக்கு என்று அவளை நாங்கள் சொல்வோம்.

“பேதுரு நாள்ல! பிஷப்பு இருக்கும்போது! பஸிலி, உனக்கு வெக்கமா இல்ல?”

“இருக்கு லூபா. அப்புறமா வெக்கப்படறேன்” என்றார் பஸிலி, கட்டைத் தூக்கிக்கொண்டே.

“வேலைக்குப் போலந்துக்காரங்களா கெடச்சாங்க? இதென்னடா அடுக்கு? ஏ ஸெனோன்! கோழி அடை வைக்கறதுக்கா கட்டற? நடுவுல குழி விழுந்திருக்கு பாரு, முதல் பள்ளத்துல எல்லாம் சரியும்!”

“தெரிஞ்சவ மேல வந்து அடுக்கேன்!”

“அடுக்க மாட்டேன்னு நெனச்சியா?”

லூபா தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள். பண்டிகைச் செருப்பைக் கழற்றி வரப்பில் ஜோடியாக வைத்தாள். சக்கரத்தில் கால் வைத்து ஏறி, ஸெனோனை இடுப்பால் தள்ளிவிட்டு, அவர் அடுக்கியதைக் கலைத்து அடுக்க ஆரம்பித்தாள். திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. போப்பாண்டவரில் ஆரம்பித்து ஸெனோனின் முழங்கால்வரை எல்லாவற்றையும் திட்டினாள். வரப்பில் நின்ற மற்றவர்களில் சிலர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். சிலர் மெதுவாகக் கவைக்கம்பைத் தேடினார்கள்.

மழை பாலத்தைத் தாண்டி வெள்ளைச் சுவராக வந்தது. கடைசி வண்டியை நாங்கள் பாதிதான் நிரப்பியிருந்தோம். புல்வெளியின் கீழ்மூலை முழுக்கப் போய்விட்டது. களஞ்சியத்துக்குள் வண்டியை நுழைத்துக் கதவை இழுத்தபோது எல்லோரும் தொப்பலாக நனைந்திருந்தோம். போஷெனா கட்டுகளின் மேல் ஏறி, உச்சிவரை கையால் தடவிப் பார்த்துவிட்டு இறங்கினாள்.

“போதும் மாமா. மார்ச் வரைக்கும் தாங்கும். போதும்.”

சொல்லிவிட்டு அங்கேயே புல்லில் உட்கார்ந்து சத்தமாக அழுதாள். பஸிலி என்ன செய்வதென்று தெரியாமல் தன் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டார். கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

விருந்து நடந்தது. மூன்று பேருக்குச் செய்த பாப்கா பத்துப் பன்னிரண்டு பேருக்கு வில்லை வில்லையாக வந்தது. வெள்ளரிக்காயைத் தேனில் தொட்டுத் தின்று வயிற்றை நிரப்பிக்கொண்டோம். சாப்பாட்டுக்கு முன் சிலுவை போட்டுக்கொண்டபோது பாதிக் கைகள் வலத்திலிருந்து இடத்துக்கும் பாதிக் கைகள் இடத்திலிருந்து வலத்துக்கும் போயின. நான் வழக்கம்போலக் கையைக் கட்டிக்கொண்டு தலை குனிந்து நின்றேன்.

“பால்காரரப் பாரு, யாரு ஜெயிக்கறாங்கன்னு பாத்துட்டு அந்தப் பக்கம் சேரலாம்னு நிக்கறாரு” என்றாள் லூபா. ஸெனோன் சிரித்ததில் அவருக்குப் புரையேறிவிட்டது. அவர் முதுகில் தட்டியவர் பஸிலி. அன்று சாயங்காலமே போஷெனா மிரோனுக்குப் போன் போட்டு, மாடு விற்கிற பேச்சு முடிந்தது, வசந்தத்தில் நீதான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

கதை அத்தோடு முடிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ஆனால் பாத்யுஷ்காவின் மனதில் அந்த டக்டக் நிற்கவில்லை. மறு வாரம் வீட்டுக்கு வந்தார். நல்ல பிள்ளை, தேநீர் குடித்தார், மாடுகளை விசாரித்தார். அவசரத்துக்கு வேலை செய்தது பெரிய குற்றம் இல்லை என்றார். சுவிசேஷ வாசிப்பின் நடுவே பிஷப்பின் காதில் மிஷின் சத்தம் விழும்படி, மற்ற வேதத்து ஆட்களைக் கோயில் வாசலில் வைத்துக் கூப்பிட்டதுதான் சபைக்கு அவமானமாகிவிட்டது, நற்கருணைக்கு முன் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லிவிடுங்கள், நானும் மறந்துவிடுகிறேன் என்றார். பஸிலி தலையாட்டிக்கொண்டிருந்தார். சரி என்று ஆட்டுகிறார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

ஆகஸ்ட் நடுவில் அவர்களுக்கு ஆப்பிள் மந்திரிக்கும் திருநாள் வந்தது. பஸிலி வருடத்தில் தவறாமல் பாதிரியாரிடம் நற்கருணை அப்பம் வாங்கும் நாட்களில் அது ஒன்று. முதல் நாள் இரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல், வெள்ளைச் சட்டை போட்டு, துண்டில் ஆப்பிள் கட்டிக்கொண்டு போனார். நற்கருணை வாங்கி வருகிறவரை வாசலில் நின்று வாழ்த்துவது அந்த வீட்டு வழக்கம். தன் வேதம் இல்லாவிட்டாலும் போஷெனா ஒவ்வொரு தடவையும் செய்வாள். அன்றும் மேசையில் முட்டையும் சீஸும் ரொட்டியும் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். நான் உள்ளே தேநீரோடு உட்கார்ந்திருந்தேன்.

“ஆண்டவரை வாங்கிட்டு வர்ற மாமாவுக்கு...”

“வாழ்த்தாதம்மா. குடுக்கல.”

அவர் உள்ளே வந்து ஆப்பிள் மூட்டையை மேசையில் வைத்தார். போஷெனா அவர் பின்னாலேயே வந்தாள்.

“குடுக்கலையா? ஏன்?”

“பாவசங்கீர்த்தனம் பண்ணினேன். கோவம், பெருமை, கோயில்ல நின்னுக்கிட்டு மனசுக்குள்ள புல்லை நினைச்சது, எல்லாம் சொன்னேன். பேதுரு நாளுக்கு வருத்தப்படறீங்களான்னு கேட்டார். இல்லன்னேன்.”

“மாமா!”

“பாவம், சின்னப் பையன். அவருக்கே கண்ணுல தண்ணி வந்துடுச்சு. ‘பஸிலி, ஒரு வார்த்தை சொல்லுங்க, வருத்தம் இல்லாதவருக்கு நான் எப்படிக் குடுக்கறது’ன்னார். அவர் சொல்றது நியாயம்தான். நான் ஓரமா ஒதுங்கி நின்னுட்டேன். எல்லாரும் போய் வாங்கினாங்க.”

எழுபது வயது மனிதர். அந்தக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர். அறுபது வருடத்துக்கு மேல் அந்த வரிசையில் நின்றவர், இன்று ஊரே பார்க்கச் சுவரோரம் நின்றுவிட்டு வந்திருக்கிறார்.

“ஒரு வார்த்தைதானே மாமா? சும்மா சொல்லியிருக்கலாமே?”

“அங்க நின்னு சும்மா சொல்ல முடியுமா? அப்படிச் சொல்றதுக்கு வீட்லயே இருக்கலாம்.” ரொட்டியைக் கையில் எடுத்தார், பிய்க்கவில்லை. “ஸெனோனைக் கூப்பிட்டது நான். வந்தான். அவன் ஆளுங்க நனைஞ்சாங்க. அது பாவம்னு அங்க போய் நான் எப்படிச் சொல்லுவேன்?”

போஷெனா அவர் எதிரில் உட்கார்ந்தாள். அழுகையில் வார்த்தை தட்டுத் தடுமாறி வந்தது.

“நான் உங்க வேதத்தில பொறக்கல. உங்களுக்குன்னு ஒரு பேரன்கூடக் குடுக்கல. இப்ப என்னால நீங்க நற்கருணையும் இல்லாம நிக்கணுமா? அடுத்த ஞாயித்துக்கிழமை போங்க மாமா. எனக்காகவாவது அந்த ஒரு வார்த்தையச் சொல்லிடுங்க.”

“உனக்காகத்தாம்மா சொல்லல.”

அவர் முட்டையை உடைத்து உரித்தார், உப்புத் தொட்டார், சாப்பிட்டார். முந்தின இரவிலிருந்து பட்டினி, நல்ல பசி அவருக்கு. போஷெனாதான் அன்று முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை.